பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்

மலையாள நடிகர் டி.பி. மாதவன் 2024 அக்டோபர் 9 அன்று கொல்லத்தில் காலமானார். வயது 88. மலையாளப் படம் பார்க்கும் தமிழர்களுக்கு அவர் முகம் தெரியும், பெயர்தான் சட்டென்று நினைவுக்கு வராது. போலீஸ் அதிகாரி, கம்பெனி முதலாளி, கல்யாணப் பெண்ணின் தகப்பன் என்று 1975 முதல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களில் வந்து போனவர். ‘அம்மா’ எனப்படும் மலையாள நடிகர் சங்கத்தின் முதல் பொதுச் செயலாளரும் அவரே. பிறந்த ஊர் திருவனந்தபுரம். கடைசி எட்டு வருடங்கள் இருந்ததோ கொல்லம் மாவட்டம் பத்தனாபுரத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவற்றவர்கள் வாழும் காந்தி பவனில். 2015-ல் ஹரித்வாரில் மயங்கி விழுந்து, ஊர் திரும்பி, திருவனந்தபுரத்தில் ஒரு லாட்ஜ் அறையில் நோயோடு தனித்துக் கிடந்தவரைச் சின்னத்திரை நண்பர்கள் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அவர் காந்தி பவனுக்குப் போன அதே 2016-ல்தான் அக்‌ஷய் குமார் நடித்த ‘ஏர்லிஃப்ட்’ என்ற இந்திப் படம் வெளியாகி நாடெங்கும் ஓடியது. இயக்கியவர் ராஜா கிருஷ்ண மேனன், மாதவனின் மகன். கேரளத்துக்கு வேறென்ன வேண்டும்? மகன் பாலிவுட்டில், தகப்பன் அநாதை இல்லத்தில் என்று ஒரே வரியில் கதை முடிந்தது. டிவி கேமராக்கள் பத்தனாபுரத்துக்குப் போய் முதியவரைப் படம் பிடித்துக்கொண்டு வந்தன. பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், மகனைச் சபித்தார்கள். பெரியவருக்கு மறதி நோய் கூடிக்கொண்டே போனது.

மகன் பக்கத்துக் கதையும் வெளியே வராமல் இல்லை. தன்னை வளர்த்தது தாய் ஒருத்தியே என்று ராஜா கிருஷ்ண மேனன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாற்பது வயதையொட்டி மாதவன் வேலையை விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனார், மணவாழ்க்கை விவாகரத்தில் முடிந்தது, மகனும் மகளும் தாயிடம் வளர்ந்தார்கள். ஒரு மகன் தன் தகப்பனைக் கைவிட்டான் என்று ஊர் சொன்ன கதையின் முதல் பாகத்தில், அந்தத் தகப்பன் வீட்டிலேயே இல்லை. இதைத் தெரிந்துகொள்ள யாரும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. கேட்டிருந்தால் போதும்.

மகனும் மகளும் திருவனந்தபுரம் வந்து இறுதிச் சடங்கில் நின்றார்கள். கடைசியில் வந்துவிட்டார்களே என்று அதுவும் ஒரு செய்தியாயிற்று.

மாதவன் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பெழுதுவது நம் வேலை இல்லை. கலைக்காகக் குடும்பத்தைத் தொலைத்தவர்கள் நம் பக்கத்திலும் ஏராளம், அவர்களை நாம் கொண்டாடவும் செய்கிறோம். எனக்கு உறுத்துவது வேறு. பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் நடுவே பேச்சு அறுந்துபோனால் நமக்குச் சொல்லத் தெரிந்த கதை ஒன்றுதான்: பிள்ளை நன்றி கெட்டது. அறுந்தது எப்போது, அறுத்தது யார், அதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்ற கேள்விகளுக்கு நம் பேச்சிலும் இடமில்லை, நம் சட்டத்திலும் இடமில்லை.

*

கேரளம் கிழடு தட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்த சேதி. 2011 கணக்கெடுப்பிலேயே அறுபது தாண்டியவர்கள் 12.6 சதவீதம். நாட்டின் சராசரி அப்போது 8.6, தமிழ்நாட்டில் 10.4. 2031-ல் கேரளத்தில் ஐந்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியிருப்பார் என்பது மத்திய அரசின் கணிப்பு. இன்னொரு பக்கம், திருவனந்தபுரத்தில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தில் 1998-ல் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் தொடங்கிவைத்த குடிபெயர்வுக் கணக்கெடுப்பு. அந்த வரிசையில் 2023-ல் எடுத்த கணக்கின்படி வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகள் சுமார் 22 லட்சம். படிக்கப் போன பிள்ளைகள் மட்டும் இரண்டரை லட்சம், ஐந்தே வருடத்தில் இரட்டிப்பு.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘பிள்ளைகள் பறந்துவிட்டன, அதனால் பாசம் போய்விட்டது’ என்று எழுதுவது பத்திரிகைக்காரர்களுக்கு எளிது. நானும் அதை நம்பத் தயாராகத்தான் இருப்பேன், வீடுகளை உற்றுப் பார்க்காத வரை. திருவனந்தபுரத்தின் கரமனை, வலியசாலை அக்ரகாரங்களில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டு இருவராகவோ ஒருவராகவோ இருக்கும் தமிழ்ப் பெரியவர்கள் உண்டு. ராத்திரி வாட்ஸ்அப்பில் பேத்தி பாடிக் காட்டுகிறாள், பிரஷர் மாத்திரை தீர்ந்ததா என்று மகள் விசாரிக்கிறாள், மாத்திரையும் ஆன்லைனில் வந்து இறங்குகிறது. அங்கே தனிமை இருக்கிறது, ஆனால் பிரிவு இல்லை. “எடுத்துப் பேசறதே இல்லை” என்று கேட்கும் வீடு பெரும்பாலும் வேறு தெருவில் இருக்கிறது. மகன் இருப்பது மாடியில், தகப்பன் இருப்பது கீழே, வாசல் தனி, கரண்ட் மீட்டர் தனி. தூரம் ஒரு சாக்கு. எட்டாயிரம் மைலை எளிதாகத் தாண்டும் உறவு, பதினெட்டுப் படியில் தடுக்கி விழுகிறது.

அரசியலும் வீட்டைப் பிளக்கும். கேரளத்தில் அதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். சி.பி.எம்-மின் மூத்த தலைவர் எம்.எம். லாரன்ஸ், மாதவனுக்குப் பதினெட்டு நாள் முன்பு, 2024 செப்டம்பர் 21-ல் கொச்சியில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதா, கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்வதா என்பதில் பிள்ளைகளுக்குள்ளேயே சண்டை. அரசியலால் அப்பாவிடமிருந்து விலகியிருந்த மகள் ஒருவர், அஞ்சலிக்கு வைத்திருந்த உடலை எடுக்கவிடாமல் தடுத்ததை நாடே பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. உயிரோடிருக்கும்போது பேசித் தீர்க்காததை மூன்று நீதிமன்ற அறைகளில் வைத்து, அதுவும் ஒரு உடலைப் பற்றிய வழக்காகப் பேசினார்கள்.

*

திருவனந்தபுரத்தில் இந்தச் சண்டைகள் போய்ச் சேரும் இடம் குடப்பனக்குன்னு சிவில் ஸ்டேஷன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன்படி வருவாய்க் கோட்ட அதிகாரிதான் தீர்ப்பாயத்தின் தலைவர். வக்கீல் வைக்காமலே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 10,000 என்ற உச்சவரம்பை எடுத்துவிடவும், மருமகளையும் மருமகனையும் பொறுப்பாளிகளாகச் சேர்க்கவும் 2019-ல் நாடாளுமன்றத்துக்குப் போன திருத்தம் நிறைவேறவே இல்லை.

மனு கொடுக்கும் பலருக்கு உண்மையில் குறி ஜீவனாம்சம் இல்லை, வீடு. மகன் பேரிலோ மகள் பேரிலோ செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாயிற்று, அப்புறம் சோறு போடவில்லை, பேசவில்லை, போ என்கிறார்கள். இந்த நிலைமைக்கு உள்ளது 23-ஆம் பிரிவு: பார்த்துக்கொள்வாய் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம். ஆனால் அந்த நிபந்தனை எங்கே இருக்க வேண்டும்? பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2022-ல் கண்டிப்பாக இருந்தது, 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டைத் திரும்பக் கொடுக்கச் சொல்லும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றது. அடுத்து மார்ச்சில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது: அன்பினாலும் பாசத்தினாலும் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாலே, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆக, உங்கள் பத்திரத்துக்கு என்ன பொருள் என்பது எந்த வருடம், எந்த நீதிமன்றம் என்பதைப் பொறுத்திருக்கிறது. எழுதிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: நிபந்தனையைப் பச்சையாக எழுதுங்கள். பிள்ளை மனம் வருந்துமே என்று தயங்குகிறவர்கள், எழுதிக் கொடுப்பதையே கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

பணம் வாங்கித் தரும், வீடு வாங்கித் தரும். சட்டத்தால் அவ்வளவுதான் முடியும். உத்தரவு போட்டு யாரையும் “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்க வைக்க முடியாது. தீர்ப்பாயத்தில் சமரச அதிகாரியிடம் அனுப்பும் வழி ஒன்று உண்டு. சட்டத்தின் மிக நல்ல பகுதி அதுதான், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

சட்டத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். “இவர் என்னை வளர்க்கவே இல்லை” என்று பிள்ளை சொன்னால் அந்தப் பதிலுக்கு 2007 சட்டத்தில் ஒரு பிரிவு இல்லை. அடித்த தகப்பனும் அரவணைத்த தகப்பனும் அதன் முன்னால் ஒன்று. 1987-ல் உச்ச நீதிமன்றம், கல்யாணமான மகளும் தகப்பனைக் காப்பாற்றக் கடமைப்பட்டவள் என்று தீர்ப்பளித்தது. டாக்டராக இருந்த மகள் மீது, மறுமணம் செய்துகொண்ட தகப்பன் தொடுத்த வழக்கு அது. 2025-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் மலப்புறம் மாவட்டத்து முதியவர் ஒருவரின் மனு. முதல் மனைவியை விவாகரத்து செய்தவர், அந்த மணத்தில் பிறந்து குவைத்தில் நன்றாகச் சம்பாதிக்கும் மகன்களிடம் ஜீவனாம்சம் கேட்டார். 2007 சட்டத்தின் 10,000 வரம்புக்கு உட்படாத வழக்கு இது. குடும்ப நீதிமன்றம் மறுத்தது. உயர் நீதிமன்றம் வேதம், குர்ஆன், பைபிள் எல்லாவற்றையும் துணைக்கு அழைத்து, மாதம் 20,000 கொடுக்கச் சொன்னது. வயோதிகர் பட்டினி கிடக்கக் கூடாது, அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் வேதமும் குர்ஆனும் தகப்பனின் கடமையைப் பற்றியும் பேசுகின்றனவே, அந்தப் பக்கங்களையும் புரட்டியிருக்கலாம்.

சிங்கப்பூரில் புரட்டினார்கள். அங்கே 1995-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் உண்டு. பெற்றவர் பிள்ளையைக் கைவிட்டவர், கொடுமைப்படுத்தியவர் என்று தெரிந்தால் தொகையைக் குறைக்கலாம், மனுவையே தள்ளலாம் என்பது ஆரம்பத்திலிருந்தே அதில் இருந்தது. அதுவும் போதவில்லை. சின்ன வயதில் தன்னைச் சூறையாடிய மனிதரின் நோட்டீசைக் கையில் வாங்கும் மகளுக்கு, வழக்கில் ஜெயிப்பதற்கு முன்பே பாதி உயிர் போய்விடுகிறது. அதனால் 2023-ல் திருத்தினார்கள். கொடுமை செய்த வரலாறு உள்ள பெற்றோர், மனு போடுவதற்கே முதலில் தீர்ப்பாயத்தின் அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மனியில் நிலைமை வேறு மாதிரி. மகனோடு நாற்பது வருடம் பேசாமல், உயிலிலும் அவனை ஒதுக்கிவிட்டுப் போன தகப்பனின் முதியோர் இல்லச் செலவை மகனிடமே வசூலிக்கலாம் என்று 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் பதினெட்டு வருடம் வளர்த்தாரே என்பது காரணம். கடுமையாகத் தெரிகிறது. ஆனாலும் அந்த நீதிபதிகள் அந்த வீட்டின் வரலாற்றைக் கேட்டுத்தான் தீர்மானித்தார்கள்.

*

பெற்ற கடன் என்று நாம் பேசுவதைக் கேட்டால், உலகம் தோன்றிய நாள் முதல் தகப்பன் தகப்பனாகவும் மகன் மகனாகவும் இருந்தது போலத் தோன்றும். திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேசுவது வேடிக்கை. இந்த ஊரின் நாயர் குடும்பங்களில் நூறு வருடம் முன்புவரை மருமக்கத்தாயம். பிள்ளை தாயின் கூட்டுக் குடும்பமான தறவாட்டைச் சேர்ந்தது, அதிகாரம் தாய்மாமன் கையில். தகப்பன் சம்பாத்தியம் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கு. தன் பிள்ளையைத் தகப்பன் காப்பாற்ற வேண்டும் என்ற கடமையைத் திருவிதாங்கூர் அரசு சட்டமாக்கியதே 1912-ல்தான். 1925-ல் தறவாட்டைப் பிரித்துக்கொள்ள உரிமை வந்தது. மிச்சமிருந்ததை முடித்துவைத்தது 1975-ன் கேரளச் சட்டம்.

தமிழனுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த நாஞ்சில் நாட்டில் வேளாளர்களும் மருமக்கள் வழிதான். பெற்ற பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்க, சகோதரி மகன் சொத்தை அள்ளிக்கொண்டு போவதைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள் வழி மான்மியம்’ எழுதி நார்நாராகக் கிழித்தார். கதை சொல்பவள் ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாவது மனைவி. இந்தத் திருவனந்தபுரத்திலேயே பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் கவிமணி. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டத் தொடங்கியது. அந்தத் தலைமுறைத் தகப்பன்மார்களின் பேரன்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். தகப்பன்–பிள்ளை பந்தம் சட்டத்தாலும் வழக்கத்தாலும் கட்டப்பட்டது, அதுவும் சமீபத்தில். கட்டப்பட்டதைக் கட்டியவர்கள் பராமரிக்காவிட்டால் விரிசல் விடும். இதில் புனிதம் கெட்டுவிட்டது என்று அலறுவதற்கு ஒன்றுமில்லை.

பெற்றோர் கை ஓங்கும்போது என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்தது. 2020 அக்டோபரில் பேரூர்க்கடையைச் சேர்ந்த அனுபமாவுக்கு ஒரு குழந்தை பிறந்தது. தலித் கிறிஸ்தவரான காதலனோடு வாழப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. அவர்கள் அப்போதைய ஆளும் கட்சிக் குடும்பம், இவளும் மாணவர் அமைப்பில் இருந்தவள். பிறந்த சில நாளில் குழந்தை மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சிலுக்குப் போய், அங்கிருந்து தத்தெடுக்கக் காத்திருந்த ஆந்திரத் தம்பதியிடமும் போய்விட்டது. என் சம்மதமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்றாள் மகள். சம்மதித்துத்தான் கொடுத்தாள் என்றார்கள் பெற்றோர். தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்து போராடினாள். டி.என்.ஏ. சோதனைக்குப் பிறகு 2021 நவம்பர் 24-ல் வஞ்சியூர் குடும்ப நீதிமன்றம் குழந்தையை அவள் கையில் கொடுத்தது. ஒரு வருடம் தன் குழந்தையைத் தேடிய பெண்ணைப் பற்றிய செய்தியிலும், பெற்றோரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று பேசியவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு அமைச்சர்கூட மேடையில் பேசினார். அந்தப் பெண் நாளைக்கு அப்பா அம்மாவோடு பேசாவிட்டால், அவளையும் நன்றி கெட்டவள் பட்டியலில் சேர்ப்போமா?

காதல் கல்யாணம், சாதி, மதம், சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லாமை, குடித்துவிட்டு அடித்த தகப்பன், அதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்த தாய். விலகிய பிள்ளைகள் சொல்லும் காரணங்கள் இவைதான், எதுவும் அதிசயமில்லை. பெண்கள் விஷயத்தில் இன்னொரு கசப்பும் உண்டு. வீடும் நகையும் தம்பிக்கு, டயப்பர் மாற்ற மட்டும் அக்கா. இந்தக் கணக்கை வாய்விட்டுக் கேட்கும் மகளைத்தான் நாம் பொல்லாதவள் என்கிறோம். காரணமே இல்லாமல், பேராசையால், பெண்டாட்டி சொல் கேட்டு அல்லது புருஷன் சொல் கேட்டுப் பெற்றோரை விரட்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தப்பான போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை எந்தக் கதையும் காப்பாற்றாது. அவர்களுக்காகத்தான் 2007 சட்டம், அது இன்னும் வேகமாக நடக்கட்டும். இரண்டு வகையையும் ஒரே தட்டில் போடுவதுதான் தப்பு.

அமெரிக்காவில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்லெமர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தவர்களில் 27 சதவீதம் பேர் யாரோ ஒரு குடும்பத்தாரோடு உறவறுத்தவர்கள். 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு பெற்றோரை மட்டும் எடுத்துக்கொண்டது. தாயோடு ஒரு காலகட்டத்திலாவது பிரிந்திருந்தவர்கள் 6 சதவீதம், தகப்பனோடு 26 சதவீதம். நான்கு மடங்கு வித்தியாசம். ஏன் என்று கேட்டால் மாதவன் கதைக்குத்தான் திரும்ப வேண்டும்: விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை தாயிடம், தகப்பன் வேறெங்கோ. நம் ஊரில் யாரும் இப்படி எண்ணவில்லை. விவாகரத்து குறைவு என்பதால் நம் சதவீதமும் குறைவாக இருக்கலாம், ஆனால் ஒரே கூரைக்குள் பேசாமலிருப்பதையும் சேர்த்து எண்ணினால் என்ன வரும் என்று சொல்லத் தைரியமில்லை.

அதே 2022 ஆய்வில் ஆறுதலான ஒரு கணக்கும் இருக்கிறது. தாயிடமிருந்து பிரிந்தவர்களில் 81 சதவீதம் பேரும், தகப்பனிடமிருந்து பிரிந்தவர்களில் 69 சதவீதம் பேரும் பிற்பாடு ஏதோ ஒரு வகையில் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள். “தலை முழுகியாச்சு” என்று சொல்பவர்களில் பலர் முழுகவில்லை. எப்படிச் சேர்ந்தார்கள் என்று பில்லெமர் விசாரித்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. நடந்ததைப் பற்றி இருவருக்கும் ஒரே கதை வேண்டும் என்ற பிடிவாதத்தை யாராவது ஒருவர் விட்டுவிட்டார். நீ செய்ததை ஒப்புக்கொள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் மட்டும் என்று ஒரு எல்லை போட்டுக்கொண்டு பழகினார்கள். பிறந்தநாளுக்கு ஒரு போன், அவ்வளவுதான், பழைய சண்டை மட்டும் வேண்டாம் என்ற மாதிரி. நம் பெரியவர்களுக்கு இது உவப்பாக இருக்காது. வந்தால் முழுசாக வா, இல்லாவிட்டால் வராதே என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தால் அரைகுறையாகவாவது வந்திருக்கக்கூடிய பிள்ளைகளும் வராமல் போகிறார்கள்.

கேரளம் 2025-ல் நாட்டிலேயே முதன்முறையாக முதியோருக்கென்று சட்டப்படியான ஆணையம் அமைத்திருக்கிறது. முதியோர் படும் கொடுமையைக் கேட்பதும் அரசுக்கு யோசனை சொல்வதும் அதன் வேலை. கேட்கப்போகும் ஒவ்வொரு மனுவிலும் இன்னொரு ஆள் இருக்கிறார், நாற்பது வயதோ ஐம்பது வயதோ ஆனவர், பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டருக்குள் இருப்பவர். நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் அவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசவிட ஆணையத்துக்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஜீவனாம்ச உத்தரவைத் தீர்ப்பாயம் அதற்கு மறுநாளும் போட்டுக்கொள்ளலாம்.